இடைவெளியில் தாளம் போட்டவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு மனிதனுடைய ஊரைச் சொல்லியே அவனை எவ்வளவு தூரம் சிரமப்படுத்தலாம் என்பதைச் செய்துபார்த்து அறிந்தவன் நான். பெயரையும் சொல்லி அந்த ஆராய்ச்சியை முடித்துவைக்க விருப்பமில்லை. ஆகவே அவர் 'அவர்'தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்தில் நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் பல்லரோச் சந்தையைச் சுற்றியிருந்த பழைய கட்டடங்களில் அறைக்கு ஐந்து பேர், ஆறு பேர் என்று குடியிருந்தோம். மனைவியோடு இருந்த எனக்கு மட்டும் இரண்டு அறை வீடு. எல்லாருக்கும் வீட்டு வேலைதான். நான் ஒரு பல்வைத்தியரின் வீட்டில் மூன்று குளியலறைகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். பொறுப்பு என்றால் தேய்ப்பது. அவர் சந்தையில் ஒரு மீன்கடையில் பெட்டி கழுவினார். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர். உள்ளங்கை மட்டும் ஆளுக்குப் பொருத்தமில்லாமல் பெரிது.

எதற்கும் அரை மூச்சுப் பிந்தித்தான் அவர் வருவார். பகிடி சொன்னால் எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் தனியாகச் சிரிப்பார். "சாப்பிட்டீரோ?" என்று கேட்டால், கேட்டவர் அடுத்த கதைக்குப் போன பிறகு "ஓம்" வரும். ஒருமுறை ஏதோ அரசாங்கக் கந்தோர் அலுவலாக அவருக்கு மொழிபெயர்க்கப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெயரைக் கேட்டார். இவர் தன்னுடைய அரை மூச்சை எடுத்தார். சொந்தப் பெயரை யோசித்துச் சொல்கிற மனிதனை அந்த அதிகாரி அதுவரை கண்டதில்லை போலும். கடதாசிகளை வாங்கி முதலிலிருந்து மறுபடியும் பார்க்கத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் ஏசினேன். "ஏன் தம்பி, உம்மடை பேரைச் சொல்லவும் யோசிக்க வேணுமோ?"

"யோசிக்கேல்லை அண்ணை. அவர் கேட்டு முடியட்டும் எண்டு நிண்டனான்."

"அவர் எப்பவோ கேட்டு முடிச்சிட்டார்!"

கொஞ்சம் நடந்தோம். "ஓம்" என்றார்.

இலங்கைக்குத் தொலைபேசி எடுக்கும் போது மட்டும் அவரை யாரும் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் கதைத்தது அங்கே போய்ச் சேர்ந்து பதில் வர எப்படியும் ஒரு இடைவெளி விழும். எங்களுக்கெல்லாம் அது பெரிய கரைச்சல். மறுமுனையில் வீட்டார் கதைக்கும்போதே நாமும் கதைத்து, இரண்டும் மோதி, "ஹலோ, ஹலோ" என்பதிலேயே நேரம் போய்விடும். அவர் மட்டும் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஆறுதலாகக் கதைப்பார். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டுக் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களோடு அவர் ஒரு சொல்கூட மோதியதில்லை.

பலேர்மோத் தெருக்களைக் கடப்பதிலும் அப்படித்தான். நான் இரண்டு பக்கமும் பார்த்து, தூரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டு, சரியான நேரத்தில் காலை வைப்பேன். அப்படிச் சரியாக வைத்து இரண்டு தடவை ஸ்கூட்டரில் அடிபட்டேன். அவர் விளிம்பில் நிற்பார். "பொறுங்கோ, வரட்டும்" என்பார். ஒன்று வரும், போகும். அடுத்தது வருவதற்குள் இருக்கிற துண்டு வெறுமையில் நடந்து மற்றப் பக்கம் போயிருப்பார். அவர் மேல் ஒரு சைக்கிள்கூட முட்டியதில்லை. இதிலிருந்து நான் ஏதாவது கற்றிருக்க வேண்டும்.

சந்தித்த முதல் நாளே அவரிடம் ஊரைக் கேட்டிருந்தேன். அதைக் கேட்காமல் இருந்தால் நான் யாழ்ப்பாணத்தானே இல்லை. எங்கள் ஆட்களிடம் அதற்கு ஒரு படிமுறை உண்டு. முதலில் ஊர். பிறகு ஊரில் எந்தப் பக்கம். பிறகு எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய வீட்டுக்குப் பக்கத்து வீடு. நான்காவது கேள்வியில் ஆளின் சாதி கையில் வந்துவிடும். யாரும் சாதியைக் கேட்கவில்லை; ஊரைத்தான் கேட்டோம். காலையில் மூன்று குளியலறை தேய்த்துவிட்டு வந்து பின்னேரம் இதைக் கேட்பதில் எனக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

"நீர் எந்த ஊர்?"

அரை மூச்சு. "யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்திலை எங்கை?"

"டவுனுக்குக் கிட்ட."

"டவுனுக்கு எந்தப் பக்கம்?"

"இஞ்சாருங்கோ," என்றாள் என் மனைவி, "அந்தத் தம்பிக்குத் தேத்தண்ணி ஆறுது. குடிக்க விடுங்கோ." என் ஆராய்ச்சிகளில் பாதியை அவள் இப்படித்தான் கெடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நான் வேறு மனிதன். சந்தைக்குப் பின்னால் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து, பிள்ளையார் படமும் முருகன் படமும் வைத்துப் பூசை செய்தோம். பூசையை யாரும் செய்யலாம், பஜனைக்கு நான்தான் தலைவன். காரணம், ஊரில் இரண்டு வருடமும் எட்டு மாதமும் மிருதங்கம் படித்திருந்தேன். ஆசிரியர் கனடாவுக்குப் போனதால் படிப்பு நின்றுபோனது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். ஆசிரியர் கனடாவுக்குப் போனது உண்மை. என்னை நிறுத்தி ஒரு வருடம் கழித்துப் போனார்.

அவர் அந்தப் பூசைக்குப் புக்கை கிண்டுவார். சர்க்கரையும் பயறும் போட்ட அந்தப் பொங்கலை அவரைப்போல் பதமாக இறக்க யாராலும் முடியாது. இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவி, வந்து உட்கார்ந்து கைத்தாளத்தை எடுப்பார். அங்கேதான் சனி பிடிக்கும். தாளம் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழாது. நாங்கள் எல்லாரும் கையைத் தட்டி எடுத்து, அடுத்த தட்டுக்கு முன்னால் ஒரு சின்ன வெறுமை இருக்குமே, அதற்குள் அவருடைய 'ஜிங்' விழும். தவறிப்போய் ஒருமுறை இல்லை. ஒவ்வொரு முறையும், மணிக்கூடுபோல.

நான் பாடம் எடுத்தேன். தொடையில் தட்டி ஆதிதாளம் காட்டினேன். மூன்று நிமிடம் சரியாகப் போட்டார். பாட்டு சூடுபிடித்ததும் கண்ணை மூடினார். ஜிங் மறுபடியும் வெறுமைக்குள் போய்விட்டது. அதோடு எல்லார் கையும் குழம்பி, தலைவனான நானும் அவரோடு இழுபட்டு, ஒரு வெள்ளிக்கிழமை முழுப் பாட்டையும் நான் தலைகீழாகத் தட்டி முடித்தேன். அடுத்த கிழமை அவர் கையிலிருந்து கைத்தாளத்தை வாங்கிக்கொண்டேன்.

"தம்பி, நீர் வாசலடியிலை இரும். கழட்டி வைச்ச சப்பாத்துகளைப் பாரும். இந்த இடத்திலை கள்ளர் கூட."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழும்பி, வாசலுக்குப் போய், அங்கே உட்கார்ந்த பிறகுதான் "ஓம் அண்ணை" என்றார்.

பக்கத்துக் கராஜில் ஆறு இளம் ஆட்கள் வாத்தியம் பழகினார்கள். நடுவில் ஒற்றைக் கல் சுவர். எங்கள் பஞ்சபுராணப் பாடல்களுக்குள் அவர்களுடைய ட்ரொம்போன் என்ற பித்தளை ஊதுகுழல் வரும். அவர்களுடைய மைக்குக்குள் எங்கள் பூசை மணி போகும். ஒருநாள் பொறுக்க முடியாமல் முறைப்பாடு செய்யப் போனேன். கதவைத் திறந்தவள் ட்ரொம்போன் வாசிக்கிற பெண், ஜூசி. இருபத்திரண்டு வயது இருக்கும். வாயைச் சுற்றி ட்ரொம்போன் பதித்த சிவப்பு வளையம்.

முறைப்பாட்டைச் சொல்லத்தான் போனேன். ஆனால் கிற்றார்காரன் ஒரு தட்டு தட்டிக் காட்டியதும் எனக்குள் இருந்த சங்கீத வித்துவான் விழித்துக்கொண்டான். எனக்குத் தெரிந்த இத்தாலியனில், முழுக்க வினைச்சொல் இல்லாமல், ஒரு விரிவுரை நிகழ்த்தினேன். நீங்கள் பிழை. கை கீழே, அங்கே அடி. கை மேலே, அங்கே அடி இல்லை. நீங்கள் எல்லாரும் இல்லாத இடத்தில் அடி.

அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஜூசி சொன்னாள், இந்தச் சங்கீதத்துக்குப் பெயர் ஸ்கா, ஜமைக்காவிலிருந்து வந்தது, இல்லாத இடத்தில் அடிப்பதுதான் இதன் வேலையே. இத்தாலியனில் அதற்கு 'இன் லெவாரே' என்று பெயராம். கை எழும்புகிறபோது விழுகிற அடி.

தோற்றுப்போனவன் பகிடி விடத்தானே வேண்டும். "எங்களிடமும் இந்த வியாதியோடு ஒருவர் இருக்கிறார். சப்பாத்துக் காவல்" என்றேன்.

"கூட்டிக்கொண்டு வா" என்றாள் ஜூசி.

வாசலில் இருந்தவரை நானே கூட்டிப்போனேன். என்னவோ வேடிக்கை காட்டப்போகிறோம் என்ற நினைப்பு. அவர்கள் ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். அவர் சுற்றிப் பார்த்தார். மூலையில் சந்தையிலிருந்து வந்த மீன்பெட்டி ஒன்று கிடந்தது. கவிழ்த்துவைத்து, குந்தியிருந்து, அந்தப் பெரிய உள்ளங்கையால் அடித்தார். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை கிற்றாரோடு ஒட்டியே விழுந்தது. மேளக்காரப் பொடியன் வாசிப்பதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். நானும் அப்படித்தான் பார்த்தேன், ஆனால் வாயை மூடிக்கொண்டு.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் புக்கையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்துக் கராஜுக்குப் போய்விடுவார். சுவருக்கு அப்பாலிருந்து மீன்பெட்டி கேட்கும். எங்கள் பஜனை அவர் இல்லாமல் மிகச் சரியாக நடந்தது. ஏனோ நித்திரை வந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். ஜூசி ஒரு கசற்றைக் கொண்டுவந்து தந்தாள். அவர் பாடிய பாட்டு ஒன்று, தமிழில். இதை நாங்கள் வாசிக்கப்போகிறோம், என்ன சொல்கிறது என்று எழுதித் தா என்றாள். 'பேராசிரியரே' என்றும் அழைத்தாள். நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

*வாடைக் காத்துக்கு வலை கனக்குது,* என்று அவர் ஒரு வரி சொல்வார். ஒரு வெறுமை. அதற்குள் பெட்டியில் ஒரு அடியும் "ஏலோ" என்று ஒரு மூச்சும். *வாற மீனுக்கு வழி தெரியுது.* வெறுமை. ஏலோ. மெதுவாகத் தொடங்கி, போகப்போக வேகம் பிடிக்கிற பாட்டு. கூடப் பாடுவதற்கு ஆளில்லாததால் பதிலையும் அவரே சொல்லியிருந்தார். பாதிச் சொற்கள் எனக்கு விளங்கவில்லை. வலை, வள்ளம், கயிறு சம்பந்தமானவை என்பது மட்டும் விளங்கியது. அது போதுமாக இருந்தது.

"பிடிச்சிட்டன்!" என்றேன் மனைவியிடம். "டவுனுக்குக் கிட்டவும் இல்லை, ஒண்டும் இல்லை. ஆள் கடற்கரை. கரையிலை நிண்டு கரைவலை இழுக்கிற ஆக்கள்."

அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு இப்ப என்ன செய்யப்போறியள்? போன வெள்ளி அந்தத் தம்பி கிண்டின புக்கையை மூண்டு தரம் வாங்கித் திண்டியள். அதைத் திருப்பிக் குடுக்கப்போறியளோ?"

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மனிதன் நாள் முழுக்க மீனோடு நின்றவர். செவுளைத் தொட்டுப் பார்த்தே எத்தனை நாள் மீன், எந்த நீரோட்டத்தில் பிடித்தது என்று சொல்வார். சந்தையில் பரம்பரையாக மீன் விற்கிற சிசிலிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஏழு மாதமாக இதையெல்லாம் பார்த்த எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அப்படிப்பட்ட துப்பறிவாளன் நான்.

அடுத்த நாள் சந்தையில் அவரைப் பிடித்தேன். "அந்தப் பாட்டு நல்லாயிருக்குத் தம்பி. ஆனால் ஏன் அடி பிந்தி விழுது?"

அவருக்குச் சங்கீதக் கேள்வி என்று பட்டிருக்க வேண்டும். முகம் மலர்ந்துவிட்டது. கழுவிய பெட்டியைக் கீழே வைத்தார். "பிந்தேல்லை அண்ணை. பாட்டுச் சொல்லேக்கை ஆரும் இழுக்கமாட்டினம். ஒராள் சொல்லுவார், மற்றவை மூச்செடுப்பினம். சொல்லி முடிஞ்ச உடனை, அந்த வெறும் இடத்திலை, முப்பது பேரும் ஒரே இழுவை. சொல்லிலை இழுத்தால் கயிறு கையை அறுத்துப்போடும். நான் எட்டு வயசிலை இருந்து..."

நிறுத்திவிட்டார். என் முகத்தில் அவர் எதையோ பார்த்துவிட்டார். நான் எவ்வளவோ சங்கீத முகமாக வைத்திருந்தும்.

"அண்ணை," என்றார் பெட்டியை மறுபடியும் எடுத்துக்கொண்டு. "உந்தக் கதையை உங்களோடை வைச்சிருங்கோ."

"எதை?"

"பிள்ளையையும் மனுசியையும் கூப்பிடுறதுக்குக் கந்தோரிலை வீடு காட்ட வேணும். எங்கடை ஆக்கள்தான் ரண்டு அறை தாறமெண்டு சொல்லியிருக்கினம். அவை ஒரு மாதிரியான ஆக்கள். நான் கண்டல்முனைக் கடற்கரை ஆள் எண்டு அறிஞ்சினமெண்டால் தரமாட்டினம். எல்லாக் கடதாசியும் குடுத்தாச்சு, வீட்டுக் கடதாசி ஒண்டுதான் இல்லை."

"சீச்சீ, என்ன தம்பி! நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

ஒன்பது நாள் சொல்லாமல் இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று தெரியும். பத்தாம் நாள் பஸ் நிறுத்தத்தில் பஜனைக்கு வருகிற ஒருவர் என்னிடம், அந்த ஆளுக்கு ஏன் தாளமே வராது என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்கு விடை தெரியும். பலேர்மோவில் அந்த விடை தெரிந்த ஒரே சங்கீத அறிஞன் நான். கயிறு, மூச்சு, இழுவை, ஜமைக்கா, இன் லெவாரே என்று முழுதும் விளக்கினேன். இரண்டு பஸ் வந்து போயின. பஸ்ஸுக்கு நின்றவர் கேட்டார், இந்தக் கயிறு இழுக்கிற பழக்கம் இவருக்கு எப்படி என்று. ஊரைச் சொல்லாமல் என் கண்டுபிடிப்பை முடிக்க முடியவில்லை. "உங்களுக்குள்ளை இருக்கட்டும்" என்று சொல்லித்தான் சொன்னேன். சொன்னபோது ஒரு இனிப்பும் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலைந்து பேர் புக்கை வேண்டாம் என்றார்கள். ஒருவருக்கு விரதமாம். இன்னொருவருக்குச் சீனி வருத்தமாம், போன கிழமைவரை இல்லாதது. அவர் கரண்டியோடு நின்றார். நின்றுவிட்டு, மீதியைப் பக்கத்துக் கராஜுக்குக் கொண்டுபோனார். அந்த ஆறு பேரும் பானையைச் சுரண்டிய சத்தம் சுவர் வழியாகக் கேட்டது.

அதற்கு அடுத்த கிழமை இரண்டு அறையும் இல்லை என்றாகிவிட்டது. அறை தருவதாக இருந்த வீட்டுக்காரர், ஜேர்மனியிலிருந்து தம்பி வருகிறான் என்றார். அந்தத் தம்பியை இன்றுவரை யாரும் கண்டதில்லை.

"எங்கடை முன்னறை சும்மாதானே கிடக்குது" என்றாள் மனைவி.

"யோசிப்பம்."

"என்னத்தை யோசிக்கிறது?"

என்னத்தை யோசித்தேன் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியவில்லை. பஜனையில் என்ன சொல்வார்களோ என்பதைத்தான் யோசித்திருப்பேன். மூன்று கிழமை யோசித்தேன். அவருடைய மகள் கொழும்பு லொட்ஜில் மூன்று கிழமை கூடுதலாக இருந்தாள்.

ஆனி மாதம். சந்தைக்குக் கிட்ட ஒரு சதுக்கத்தில், வெயில் சாய்கிற நேரத்தில், ஜூசியின் இசைக்குழு வாசித்தது. சுவரொட்டியில் தமிழ்ப் பாட்டு ஒன்றும் உண்டு என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அதைப் பார்க்க வரவில்லை. எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிட வந்திருந்தார்கள். பலேர்மோவில் இருந்த மொத்தத் தமிழருக்கும் அன்றைக்கென்று அந்தச் சதுக்கத்து ஐஸ்கிரீமில்தான் ஆசை வந்தது. நானும் மனைவியோடு போய் இரண்டு வாங்கிக்கொண்டு, மேடையிலிருந்து ஆகக் கூடிய தூரத்தில் நின்றேன்.

நாலைந்து பாட்டுக்குப் பிறகு ஜூசி மைக்கை அவரிடம் கொடுத்தாள். கழுவிய சேட்டு போட்டிருந்தார். மீன்பெட்டி காலடியில். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். சனங்கள் இருமினார்கள். எங்களைப் பார்த்தார், ஐஸ்கிரீம்காரர்களை. தமிழில் சொன்னார்:

"இது கரைவலைப் பாட்டு. என்ரை ஊர் கண்டல்முனை."

சிசிலிக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை தட்டினார்கள். எங்களுக்கு முழுதும் விளங்கியது, ஒருவரும் தட்டவில்லை. எனக்கென்றால் தட்டாததற்கு நல்ல காரணம் இருந்தது. மனைவி தன்னுடைய ஐஸ்கிரீமையும் கைப்பையையும் என்னிடம் தந்துவிட்டுச் சனத்துக்குள் போய்விட்டாள்.

அவர் மெதுவாகத் தொடங்கினார். ஒரு வரி. வெறுமை. அந்த வெறுமைக்குள் ட்ரொம்போனும் எக்காளமும் சாக்ஸபோனும் ஒரே இழுவையாக விழுந்தன. இன்னொரு வரி. மறுபடியும் இழுவை. பிறகு கிற்றார் சேர்ந்தது, மேளம் சேர்ந்தது, பாட்டு ஓடத் தொடங்கியது. வெயிலும் உப்பும் தின்ற ஒரு குரல் முன்னால் ஓட, ஆறு வாத்தியம் பின்னால் துள்ளி வந்தது. இளம் ஆட்கள் முழங்காலைத் தூக்கித் தூக்கி ஆடினார்கள். எங்கள் பிள்ளைகள், இத்தாலியனில் சண்டை பிடித்துத் தமிழில் அழுகிற பிள்ளைகள், கையை உதறிவிட்டு முன்னால் ஓடினார்கள். "ஏலோ" என்று சதுக்கம் முழுவதும் கத்தியது, சரியான இடத்தில், அந்த வெறுமையில். மேடைக்குக் கீழே என் மனைவியும் இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள்.

நான் தூரத்தில் நின்றேன். மணிக்கட்டு வழியாக இரண்டு ஐஸ்கிரீமும் உருகி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று பிஸ்தா, ஒன்று எலுமிச்சை. அவ்வளவு நல்ல பாட்டை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அதைக் கேட்டபோது என்னைப் பற்றி எனக்கு அருவருப்பாக இருந்தது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். அவர் சேட்டைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்.

"தம்பி, எங்கடை முன்னறை இருக்கு. கடதாசியிலை நான் கையெழுத்து வைக்கிறன்."

அரை மூச்சு. "ஜூசியின்ரை மாமா போன கிழமையே வைச்சிட்டார் அண்ணை. சியாகுல்லியிலை அவருக்கு மாண்டரின் ஒறேஞ்சுத் தோட்டம் இருக்காம். காவல்காரன் வீடு சும்மா கிடக்குதாம். தோட்டத்தையும் பாத்துக்கொண்டு இருக்கச் சொன்னவர்."

"நல்லது. நல்லது தம்பி." கை பிசுபிசுத்தது. துடைக்க ஒன்றும் இல்லை. "தம்பி, அந்தக் கதையைச் சொன்னது..."

"தெரியும்" என்றார். நான் சொல்லி முடிக்கவில்லை. என் சொல்லின் மேலேயே அவருடைய சொல் விழுந்தது. அவரிடமிருந்து அப்படி ஒரு பதில் எனக்கு அதற்கு முன்னர் வந்ததில்லை.

ஏசவில்லை. மன்னிக்கவும் இல்லை. பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

மாசி மாதம் அவருடைய மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். என் மனைவி சாமான் பைகளோடு வெளிக்கிட்டாள். நானும் பின்னால் போனேன். பலேர்மோவின் விளிம்பில், மலைக்குக் கீழே, மரங்களில் இன்னும் பழம் தொங்கியது. சியாகுல்லியில் மாண்டரின் பிந்தித்தான் பழுக்குமாம். சின்ன வீடு. வாசலில் மேசை போட்டு மீன்குழம்பும் சோறும் வைத்தார்கள். எங்கள் ஆட்களில் போனது நாங்கள் இரண்டு பேர்தான். அவர் என் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டார், பெரிய மீனாகப் பார்த்துப் போட்டார். பழைய மாதிரியே "சாப்பிடுங்கோ அண்ணை" என்றார். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மகள் எனக்கு எதிரே இருந்தாள். பதினொரு வயது. இரட்டைப் பின்னல், தகப்பனுடைய அதே பெரிய கைகள். வயிறும் நிறைந்து மனமும் நிறைந்த அந்த நேரத்தில், சத்தியமாக அன்பாகத்தான், அந்தப் பிள்ளையோடு ஏதாவது கதைக்க வேண்டுமென்று கேட்டேன்.

"பிள்ளை அங்கை எந்தப் பள்ளிக்கூடத்திலை படிச்சனீங்கள்?"

கேட்ட பிறகுதான் என் வாய் என்ன கேட்டது என்று எனக்கே விளங்கியது. என் மனைவி கையைச் சோற்றில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

பிள்ளை தயங்கவில்லை. "ஞாபகமில்லை மாமா" என்றாள்.

பத்து வயதுவரை நடந்து போன பள்ளிக்கூடம்.

தாய்க்காரி குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "இவர்தான் கடிதத்திலை எழுதினவர். இஞ்சை ஆர் கேட்டாலும் உப்பிடிச் சொல்லச் சொல்லி. வரேக்கை பிளேனுக்குள்ளையும் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தவள்."

அவர் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். "அது முந்தி எழுதினது பிள்ளை. இனித் தேவையில்லை. மாமாவுக்குச் சொல்லு."

பிள்ளை தகப்பனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை மெதுவாக என் முகத்தைப் பார்த்தாள், சந்தையில் அவர் மீனைப் பார்க்கிற மாதிரி. நான் சிரித்தேன். என்னால் முடிந்த நல்ல சிரிப்பு அது.

"ஞாபகமில்லை மாமா" என்றாள் மறுபடியும். கையிலிருந்த மாண்டரினை உரித்து, பாதியை என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.